ஏ டொட் அவுட் என்ற பெயர் எங்கிருந்து வந்தது?

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள்.

"சேர், நான் கோப்புக்கு வச்ச பேர் சலாம். ஆனா வந்தது ஏ டொட் அவுட். அது யார் வச்ச பேர்?"

உயர்தர வகுப்புப் பிள்ளை ஒருவரின் கேள்வி. வகுப்பில் இரண்டு வரியில் பதில் சொல்லிவிட்டேன். அந்த இரண்டு வரிக்குப் பின்னால் ஐம்பது வருடத்துக்கு மேற்பட்ட கதை இருக்கிறது. கொம்பியூட்டர் படிக்காத பெற்றோரும் இந்தப் பக்கத்தை வாசிப்பதால் அடியிலிருந்து தொடங்குகிறேன்.

சி மொழியில் நிரல் எழுதுவது என்றால் ஒரு சாதாரண எழுத்துக் கோப்பை எழுதுவதுதான். அதை மனிதன் வாசிக்கலாம், இயந்திரத்துக்கு ஒன்றும் புரியாது. இயந்திரத்துக்குப் புரியும் வடிவத்துக்கு அதை மாற்றித் தருகிற நிரலுக்குப் பெயர் கொம்பைலர். கறுப்புத் திரையில் ஜிசிசி என்று தட்டி, ஒரு இடைவெளி விட்டு, நமது கோப்பின் பெயரைத் தட்டினால் கொம்பைலர் வேலை செய்யும். (இங்கே தமிழில் எழுதுகிறேன். தட்டும்போது ஆங்கிலத்தில், எல்லாம் சின்ன எழுத்தில்.) பிழை இல்லாவிட்டால் திரை ஒன்றும் சொல்லாது. பக்கத்தில் ஏ டொட் அவுட் என்ற புதிய கோப்பு மட்டும் வந்து கிடக்கும். அதை ஓட்ட ஒரு புள்ளி, ஒரு சாய்கோடு, பிறகு அந்தப் பெயர். அவ்வளவுதான் வேலை.

இந்தச் சின்ன வேலையில் ஒரு பிள்ளைக்கு விசித்திரமாகத் தெரிவது மூன்று நான்கு இருக்கும். ஏன் அந்தப் பெயர்? ஏன் "வெற்றி" என்றுகூட ஒரு வார்த்தை சொல்லவில்லை? அந்தப் புள்ளியும் சாய்கோடும் எதற்கு? எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒரு உதாரணம் சொன்னால் புரியும். குப்பைப் பிரச்சினையால் இப்போது நாடு முழுக்கத் தெரிந்த அருவக்காட்டில், சீமெந்துக்குத் தோண்டும் சுண்ணாம்புக்கல்லுக்குள் கடல் உயிரினங்களின் ஓடுகள் கிடக்கின்றன. இன்று அந்த இடம் காடு. ஒரு காலத்தில் அங்கே கடல் இருந்தது என்பதற்கு அந்த ஓடுகள்தான் சாட்சி. கறுப்புத் திரையில் நாம் தட்டும் சொற்களும் அப்படித்தான். அவற்றை விட்டுச் சென்ற கடலைத் தேடினால் 1969ஆம் ஆண்டுக்குப் போக வேண்டும்.

அமெரிக்காவில் நியூ ஜெர்சியில் பெல் ஆய்வுகூடம். அந்த வருடம் மல்டிக்ஸ் என்ற பெரிய, செலவு மிகுந்த திட்டத்திலிருந்து ஆய்வுகூடம் விலகிக்கொண்டது. அதில் வேலை செய்துகொண்டிருந்த கென் தொம்சனுக்கும் டெனிஸ் ரிச்சிக்கும் நல்ல இயந்திரம் இல்லாமல் போனது. தொம்சனுக்குக் கிடைத்தது பிடிபி-7 என்ற, அப்போதே பழையதாகிவிட்ட சின்ன இயந்திரம். அதன் நினைவகம் 18 பிட் அளவுள்ள 8 ஆயிரம் சொற்கள். இன்றைய கணக்கில் சுமார் 18 கிலோபைட். நாம் வட்ஸ்அப்பில் அனுப்பும் மங்கலான படம் ஒன்றுகூட இதைவிடப் பெரிது. யுனிக்ஸ் பிறந்தது அந்த இடத்துக்குள்தான்.

அந்த இயந்திரத்துக்குத் தொம்சன் ஒரு அசெம்ப்ளர் எழுதினார். அசெம்ப்ளர் என்றால் இயந்திரக் கட்டளைகளை நேரடியாக மாற்றித் தரும் சிறிய நிரல். அது மிக எளிமையானது. இணைப்பி இல்லை, நூலகம் இல்லை, வெளியே வரும் கோப்புக்குப் பெயர் கேட்கும் வசதியும் இல்லை. எதைக் கொடுத்தாலும் விளைவு ஒரே பெயரில் வரும். அசெம்ப்ளரின் வெளியீடு, அதாவது "அசெம்ப்ளர் அவுட்புட்" என்பதன் சுருக்கம்தான் ஏ டொட் அவுட். பிறகு இணைப்பி வந்தது, நாம் விரும்பிய பெயரைக் கொடுக்கும் வழியும் வந்தது (சின்னக் கோடு, ஓ எழுத்து, அப்புறம் பெயர்). ஆனால் பெயர் கொடுக்காவிட்டால் பழைய பெயரே வரட்டும் என்று விட்டுவிட்டார்கள். கோப்பின் உள்ளமைப்பு இன்று முழுக்க வேறு, இயந்திரமும் வேறு. பெயர் மட்டும் அப்படியே இருக்கிறது. ஆக, மகனே, அந்தப் பெயரை வைத்தவர் கென் தொம்சன். வைத்ததற்குக் காரணம் இடம் போதாமை.

மௌனத்துக்கும் கிட்டத்தட்ட அதே காரணம். அவர்களுக்குத் திரை கிடையாது. டெலிடைப் என்ற, காகிதத்தில் அச்சடிக்கும் தட்டச்சு இயந்திரம்தான். மொடல் 33 வகை செக்கனுக்கு 10 எழுத்துதான் அடிக்கும். "உங்கள் நிரல் வெற்றிகரமாக மாற்றப்பட்டது" என்று ஒவ்வொரு முறையும் அடித்துக்கொண்டிருந்தால் நேரமும் போகும், காகிதமும் போகும். எனவே சொல்ல வேண்டியது இருந்தால் மட்டும் சொல்லு என்ற பழக்கம் வந்தது. கட்டளைகளின் பெயர்களும் இரண்டு எழுத்தாகச் சுருங்கின. சி கொம்பைலருக்கு சிசி, பட்டியலுக்கு எல்எஸ், அழிக்க ஆர்எம். பிள்ளைகள் திரை பேசாததைப் பார்த்து "வேலை செய்யல்ல" என்று நினைக்கிறார்கள். அந்த உலகத்தில் பேசாமல் இருப்பதுதான் நல்ல செய்தி.

சி மொழி வந்த கதைக்கு இனி. கேம்பிரிட்ஜைச் சேர்ந்த மார்ட்டின் ரிச்சர்ட்ஸ் 1960களின் நடுவில் பிசிபிஎல் என்ற மொழியை உருவாக்கினார். தொம்சன் அதைப் பிடிபி-7க்குள் அடங்கும் அளவுக்குச் சுருக்கிப் பி என்று பெயர் வைத்தார். பி மொழிக்கு எல்லாமே ஒரே அளவுச் "சொல்". எண்ணும் அதுவே, எழுத்தும் அதுவே. 1970இல் பிடிபி-11 வந்தது. அந்த இயந்திரம் நினைவகத்தைப் பைட் பைட்டாக எண்ணியது. ஒரு எழுத்துக்கு ஒரு பைட் போதும்போது அதைப் பெரிய சொல்லுக்குள் திணித்து, பிறகு உருவி எடுப்பது வீண் வேலையாகப் பட்டது. எழுத்துக்கு ஒரு வகை, எண்ணுக்கு ஒரு வகை என்று ரிச்சி பிரித்தார். அந்தப் பிரிப்பிலிருந்துதான் சி வளர்ந்தது. அதிகம் வளர்ந்த வருடம் 1972. அடுத்த வருடம், 1973 கோடையில், யுனிக்ஸின் கருவையே சி மொழியில் திரும்ப எழுதினார்கள். அதுவரை பணிசெயல் முறைமைகள் பெரும்பாலும் அந்தந்த இயந்திரத்தின் சொந்தக் கட்டளைகளில்தான் எழுதப்பட்டன. இயந்திரம் மாறினால் எல்லாமே குப்பை.

இதன் பயனை எங்கள் பிள்ளைகள் தெரியாமலே அனுபவிக்கிறார்கள். ஒருவர் தன் போனில் உருவாக்கிய ஏ டொட் அவுட்டை வட்ஸ்அப்பில் அனுப்பி, கொம்பியூட்டர் அறையில் ஓட்டிப் பார்த்தார். ஓடவில்லை. போனுக்குள் இருப்பது ஆர்ம் வகைச் சில்லு, மேசைக் கொம்பியூட்டரில் இன்டெல் வகை. இயந்திரக் கட்டளைகள் இரண்டுக்கும் வேறு. ஆனால் மூலக் கோப்பை அனுப்பி, அங்கே திரும்பக் கொம்பைல் செய்தால் ஒரு எழுத்தும் மாற்றாமல் ஓடும். 1973இல் அவர்கள் செய்ததும் பெரிய அளவில் இதுதான்.

"கொம்பைலர்" என்ற சொல்லைப் பற்றி ஒரு சின்ன விலகல். தமிழில் தொகுப்பான் என்கிறோம், சிலர் தொகுப்பி என்பார்கள். மொழிபெயர்க்கிற ஒன்றுக்குத் தொகுக்கிறவர் என்று ஏன் பெயர், தமிழில் பிழையாகப் பெயர்த்துவிட்டார்களோ என்று எனக்கு நீண்ட நாள் சந்தேகம். தமிழில் பிழை இல்லை. 1952இல் கிரேஸ் ஹொப்பர் என்ற அமெரிக்கக் கடற்படைக் கணித அறிஞர் ஏ-0 என்ற முறைமையைச் செய்தார். முன்பே எழுதி நாடாவில் சேர்த்து வைத்திருந்த சிறு சிறு நிரல்களைத் தேவைக்கேற்ப எடுத்து ஒன்றாகக் கோத்துத் தருவதுதான் அதன் வேலை. உண்மையிலேயே தொகுத்தல். ஹதீஸ்களைத் தொகுத்தார்கள் என்று சொல்கிறோமே, அந்த அர்த்தத்தில். பிறகு மொழிமாற்றும் வேலை அதோடு சேர்ந்து பெரிதாகிவிட்டது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

பழைய தொகுக்கும் வேலையும் இன்னும் போகவில்லை. ஜிசிசி என்று ஒரு சொல்லைத் தட்டும்போது உள்ளே நான்கு பேர் வரிசையில் நின்று வேலை செய்கிறார்கள். முதலாமவர் வேலிக்குறியோடு தொடங்கும் "இன்க்ளூட்" வரியைப் பார்த்து, அங்கே சொன்ன கோப்பைக் கொண்டுவந்து ஒட்டுவார். (இந்த வசதி ஆரம்பத்தில் சி மொழியில் இல்லை. 1972, 73 அளவில், அலன் ஸ்னைடர் என்பவர் வலியுறுத்தியதால் சேர்ந்தது.) இரண்டாமவர் சியை அசெம்ப்ளிக்கு மாற்றுவார். மூன்றாமவர்தான் நமது பழைய அசெம்ப்ளர். நான்காமவர் இணைப்பி. "பிரின்ட்எஃப்" என்று நாம் எழுதியிருப்போம், அதைச் செய்யும் நிரலை நாம் எழுதவில்லை. அது நூலகத்தில் இருக்கிறது. அதை எடுத்துக் கோப்பவர் இவர். எழுத்துப்பிழை விட்டு "பிரிந்எஃப்" என்று தட்டினால் சிலவேளை இரண்டாமவர் எச்சரித்துவிட்டு விடுவார், நான்காமவர்தான் "இப்படி ஒருவரை எனக்குத் தெரியாது" என்று நிறுத்துவார். பிழைச் செய்தி யாரிடமிருந்து வருகிறது என்று தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும். பிள்ளைகளிடம் நான் கேட்பதும் அதுதான்: என்ன பிழை என்பதை விடு, யார் சொன்னது?

"ஹலோ, வேர்ல்ட்" எல்லோருக்கும் தெரியும். ஆனால் அது சியில் தொடங்கவில்லை. பிரையன் கெர்னிகன் பி மொழிக்கு எழுதிய பயிற்சிக் குறிப்பிலேயே வந்துவிட்டது. பி மொழியில் ஒரு எழுத்து மாறிலிக்குள் நான்கு எழுத்துக்கு மேல் போட முடியாது. ஆகவே அந்தச் சின்ன வாக்கியத்தையும் மூன்று துண்டாக வெட்டித்தான் எழுதினார். 1974இல் சி மொழிக்கான குறிப்பில் முழு வாக்கியமாக வந்தது. 1978இல் கெர்னிகனும் ரிச்சியும் சேர்ந்து எழுதிய சி புத்தகத்தின் முதல் நிரலாகி உலகம் முழுக்கப் போனது. முட்டையிலிருந்து வெளியே வரும் கோழிக்குஞ்சு ஒன்று அப்படிச் சொல்வது போன்ற கேலிச்சித்திரம் பார்த்த மங்கலான ஞாபகம் இருக்கிறது என்று கெர்னிகன் பின்னாளில் ஒரு பேட்டியில் சொன்னார்.

அந்த 1978ஆம் ஆண்டுப் புத்தகத்தில் கவனித்தால் ஒரு விடயம் தெரியும். நிரலை ஓட்டுவதற்கு ஏ டொட் அவுட் என்று மட்டும் தட்டு என்றிருக்கும், புள்ளியும் சாய்கோடும் இருக்காது. அன்றைக்கு நாம் தட்டும் பெயரை, நாம் நிற்கும் அடைவிலும் இயந்திரம் தேடும். ஒரே இயந்திரத்தைப் பலர் பகிரும் இடங்களில் இதில் ஒரு வில்லங்கம் இருந்தது. யாராவது தன் அடைவில் எல்எஸ் என்ற பெயரிலேயே ஒரு கெட்ட நிரலை வைத்துவிடலாம். அங்கே வந்து பட்டியல் பார்ப்பவர் அறியாமல் அதை ஓட்டிவிடுவார். ஆகவே நிற்கும் இடத்தில் தானாகத் தேடாதே, வேண்டுமென்றால் அவர் தெளிவாகச் சொல்லட்டும் என்ற வழக்கம் வந்தது. புள்ளி என்றால் "இதோ இங்கே". புள்ளி, சாய்கோடு, பெயர் என்றால் "இங்கே இருக்கும் இதைத்தான் சொல்கிறேன், தெரிந்துதான் சொல்கிறேன்".

நிரலின் கடைசியில் பூச்சியத்தைத் திருப்பி அனுப்பு என்று எழுதுகிறோமே, அதுவும் சும்மா இல்லை. ஓடி முடிந்த நிரல் தன்னை ஓட்டியவரிடம் ஒரு எண்ணைக் கொடுத்துவிட்டுப் போகிறது. பூச்சியம் என்றால் நல்லபடி முடிந்தது. வேறு எண் என்றால் ஏதோ பிழை. எக்கோ என்று தட்டி, டொலர் குறியும் கேள்விக்குறியும் போட்டால் அந்த எண்ணைப் பார்க்கலாம். செய்து பாருங்கள். பூச்சியத்தை 7 ஆக மாற்றித் திரும்பக் கொம்பைல் செய்து ஓட்டினால் 7 வரும்.

இதையெல்லாம் நம் பக்கத்தில் பலர் பார்க்காமலே போனதற்கு ஒரு நீலத் திரை காரணம். 1980களின் தொடக்கத்தில் ஒரு கொம்பைலர் வாங்க நூற்றுக்கணக்கான டொலர் வேண்டும். 1983இல் போர்லண்ட் நிறுவனம் டேர்போ பாஸ்கலை 49.95 டொலருக்கு விற்றது. எழுதும் இடம், கொம்பைலர், ஓட்டும் பொத்தான் எல்லாம் ஒரே திரையில். 1987இல் டேர்போ சி வந்தது. அது அன்றைக்கு அற்புதமான சாமான்தான், மறுக்கவில்லை. ஆனால் இந்தியக் கல்லூரிகளில் அது இருபது, இருபத்தைந்து வருடம் தாண்டியும் இறங்காமல் உட்கார்ந்துகொண்டது. அங்கிருந்து வரும் தமிழ், ஆங்கிலப் பயிற்சிப் புத்தகங்கள் வழியாக எங்கள் பிள்ளைகளிடமும் வந்தது. அந்தப் புத்தகத்தில் உள்ளபடி "கோனியோ டொட் எச்", "வொய்ட் மெயின்" என்று தட்டிவிட்டு, போனில் ஓடவில்லை என்று அழுகிறார்கள். முதலாவது டொஸ் காலத்துக் கொம்பைலர்களின் சொந்தச் சாமான். இரண்டாவதை 1989ஆம் ஆண்டு அமெரிக்கத் தரநிலை ஏற்கவே இல்லை. பிள்ளையில் பிழை இல்லை, புத்தகம் பழையது.

இப்போது எனக்கு முக்கியமாகப் படும் இடத்துக்கு வருகிறேன். கொம்பைலர் யாருடைய சொத்து?

1983 செப்டெம்பரில் ரிச்சர்ட் ஸ்டோல்மன் என்பவர், யுனிக்ஸைப் போன்ற, ஆனால் எல்லோருக்கும் சுதந்திரமான ஒரு முறைமையை எழுதப் போவதாக அறிவித்தார். அதன் பெயர் க்னூ. கொம்பைலர் இல்லாமல் எதையும் எழுத முடியாது. நெதர்லாந்தில் "ஃப்ரீ யுனிவர்சிட்டி கொம்பைலர் கிட்" என்று ஒன்று இருப்பது தெரிந்து, அதைப் பயன்படுத்தலாமா என்று கேட்டார். பல்கலைக்கழகம்தான் ஃப்ரீ, கொம்பைலர் ஃப்ரீ இல்லை என்று கேலியாகப் பதில் வந்ததாக அவரே எழுதியிருக்கிறார். பிறகு தானே எழுதினார். 1987 மார்ச்சில் ஜிசிசியின் முதல் பதிப்பு வெளியானது. அதோடு வந்த நிபந்தனை எளிது: எடுத்துக்கொள், ஓட்டு, திறந்து பார், மாற்று, பிறருக்குக் கொடு, ஆனால் கொடுக்கும்போது மூலத்தையும் கொடு. 1990களின் தொடக்கத்தில் சன் நிறுவனம் தன் முறைமையோடு சேர்த்துக் கொடுத்துவந்த கொம்பைலரைப் பிரித்துத் தனியாக விலை வைத்தபோது, நிறையப் பேர் ஜிசிசி பக்கம் திரும்பினார்கள். 1991 ஓகஸ்டில் ஹெல்சிங்கியில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர், பிறகு லினக்ஸ் ஆகப்போகிற முறைமையை அறிவித்தபோது, அதில் ஏற்கெனவே ஓடுவதாகச் சொன்னவை இரண்டு. ஒன்று பாஷ் என்ற கட்டளைத் திரை. மற்றது ஜிசிசி. சுதந்திரமான கொம்பைலர் ஒன்று அந்த மாணவரின் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. இருந்ததால்தான் முடிந்தது.

இலங்கையில் 1990ஆம் ஆண்டு மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தை மையமாக வைத்து லேர்ன் என்ற கல்வி வலையமைப்பின் மின்னஞ்சல் சேவை தொடங்கியது. பேராசிரியர் அபய இந்துருவ முன்னின்று செய்தார். எங்கள் மாவட்டத்துக்கு 1990 என்றால் வேறு ஞாபகம். அந்த ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் கையில் ஒரு பையோடு புத்தளத்துக்கு வந்தார்கள். பள்ளிக்கூடங்களில் இருக்க இடம் இல்லை, எழுதக் கொப்பி இல்லை. ஒரே நாட்டில் ஒரே வருடம். தொழில்நுட்ப வரலாறு எழுதுகிறவர்கள் இந்த இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதுவதில்லை, நான் எழுதுகிறேன்.

2003இல் லங்கா சொஃப்ட்வெயார் ஃபவுண்டேஷன் உருவானது. சஞ்சீவ வீரவர்ண அதை நிறுவியவர்களில் முக்கியமானவர். இலங்கையரை வெறுமனே பயன்படுத்துவோராக இல்லாமல், திறந்த மூல மென்பொருளை எழுதுவோராக ஆக்குவது நோக்கம். அங்கிருந்து வந்தவற்றுள் ஒன்று அப்பாச்சி அக்சிஸ்2 சி. வலைச் சேவைகளுக்கான இயந்திரம் ஒன்றை முழுக்கச் சி மொழியில் எழுதினார்கள். எழுதியவர்களில் பெரும்பாலானோர் இலங்கையில் இருந்தவர்கள். 2007இல் அதன் 1.0 பதிப்பு வந்தது. உலகில் எங்கோ ஒருவர் அதன் மூலத்தை இறக்கிக் கொம்பைல் செய்தபோது, அவருடைய ஜிசிசிக்குள் போனது கொழும்பில் தட்டிய வரிகள். கூகுள் நடத்தும் சமர் ஒஃப் கோட் என்ற திறந்த மூலத் திட்டத்தின் முதல் பத்து வருடத்தில், மாணவர் எண்ணிக்கையில் உலகில் முதலிடம் பிடித்தது மொறட்டுவை. அங்கிருந்து எங்கள் வண்ணாத்திவில்லுக்குத் தூரம் அதிகமில்லை, பஸ்ஸில் ஒரு நாள்கூட ஆகாது. ஆனாலும் அந்தப் பட்டியல்களில் எங்கள் பக்கத்துப் பெயர்களைத் தேடினால் களைத்துப்போவோம்.

இதற்கு வசதியின்மை மட்டும் காரணம் என்று சொல்லிச் சொல்லி நாங்கள் தப்பிக்கிறோம் என்பது என் அபிப்பிராயம். சாதாரண தரத்தில் பாஸ்கல், உயர்தரத்தில் பைத்தன். பிள்ளைகள் இரண்டையும் பேனையால் எழுதுகிறார்கள். கடந்த கால வினாத்தாளைப் பார்த்து வெளியீட்டை மனப்பாடம் செய்கிறார்கள். நிரல் ஒன்றை ஓடவிட்டுப் பார்க்காமலே ஏ எடுக்கலாம். பிழைச் செய்தி ஒன்றைக்கூடப் பார்க்காத பிள்ளை பல்கலைக்கழகத்தில் முதல் கிழமையே முழங்கால் இடறி விழுகிறது. கொம்பியூட்டர் அறை பூட்டியிருந்தால் போன் இருக்கிறது. டேர்மக்ஸ் என்ற செயலியை இறக்கினால் அன்ட்ரொய்ட் போனுக்குள்ளேயே கறுப்புத் திரை வந்துவிடும். அதில் வரும் கொம்பைலரின் பெயர் க்ளாங், ஜிசிசி என்று தட்டினாலும் அதுதான் வந்து நிற்கும். ஒரு கவனம்: கோப்பைப் போனின் பொதுச் சேமிப்பகத்தில், டவுன்லோட் அடைவில் வைத்துவிட்டு ஓட்டப் பார்த்தால் "அனுமதி இல்லை" என்று வரும். அன்ட்ரொய்ட் அங்கிருந்து எதையும் ஓடவிடாது. டேர்மக்ஸின் சொந்த அடைவுக்குள் வைத்துச் செய்யுங்கள்.

ஒரு பெற்றோர் கேட்டார், இப்படி இலவசமாக வருவதை நம்பலாமா என்று. நல்ல கேள்வி. இதைப் பெரியவர்களே கேட்டிருக்கிறார்கள். தொம்சனும் ரிச்சியும் 1983ஆம் ஆண்டுக்கான டூரிங் விருதைப் பெற்றார்கள். ஏற்புரையில் தொம்சன் பயமுறுத்தும் ஒன்றைக் காட்டினார். கொம்பைலரும் ஒரு நிரல்தான், அதையும் இன்னொரு கொம்பைலர்தான் கொம்பைல் செய்திருக்க வேண்டும். பி மொழியின் முதல் கொம்பைலர் டிஎம்ஜி என்ற வேறொரு மொழியில் எழுதப்பட்டது. பிறகு பியிலேயே எழுதப்பட்டது. அதிலிருந்து சி வளர்ந்தது. இப்படி ஒரு சங்கிலி. அந்தச் சங்கிலியில் ஒருவர், கடவுச்சொல் கேட்கும் நிரலைக் கண்டால் அதில் ஒரு கள்ள வழியைச் சேர்க்குமாறு கொம்பைலரை மாற்றுகிறார். அதோடு, கொம்பைலரின் மூலத்தைக் கண்டால் இந்த இரண்டு தந்திரத்தையும் திரும்பச் சேர்க்குமாறும் மாற்றுகிறார். பிறகு மூலத்திலிருந்து தடயத்தை அழித்துவிடுகிறார். இனி மூலத்தை வரி வரியாக வாசித்தாலும் சுத்தமாக இருக்கும். அதைக் கொம்பைல் செய்தால் கள்ளம் திரும்ப வந்துவிடும்.

மத்ரஸாவில் ஓதியவர்களுக்கு இது உடனே பிடிபடும். ஹதீஸில் மத்ன் என்பது செய்தி. இஸ்னாத் என்பது அது வந்த அறிவிப்பாளர் வரிசை. செய்தி எவ்வளவு அழகாக இருந்தாலும் வரிசையில் ஒருவர் பலவீனமானவர் என்றால் அறிஞர்கள் நின்று யோசிப்பார்கள். தொம்சன் சொன்னதும் அதுதான்: மூலம் மத்ன், கொம்பைலர்களின் சங்கிலி இஸ்னாத். (புரிவதற்காகச் சொல்லும் ஒப்புமை மட்டும். மார்க்கத்தையும் மென்பொருளையும் நான் ஒரே தராசில் வைக்கவில்லை, கமெண்டில் சண்டைக்கு வரவேண்டாம்.) இதற்கு டேவிட் வீலர் என்ற அமெரிக்க ஆய்வாளர் 2005இல் ஒரு கட்டுரையிலும், 2009இல் தன் கலாநிதிப் பட்ட ஆய்விலும் பரிகாரம் காட்டினார். சந்தேகத்துக்குரிய கொம்பைலரின் மூலத்தை, அதோடு சம்பந்தமே இல்லாத வேறொரு கொம்பைலரால் கொம்பைல் செய்யுங்கள். அப்படி வந்த கொம்பைலரால் அதே மூலத்தைத் திரும்பக் கொம்பைல் செய்யுங்கள். கடைசியில் கிடைப்பது பழையதோடு ஒரு பிட்கூட மாறாமல் ஒத்துப்போனால் சங்கிலியில் கள்ளம் இல்லை என்று ஏற்கலாம். தனித்தனி வழியாக வந்த அறிவிப்புகளை ஒப்பிட்டுப் பார்ப்பது போலத்தான். இந்தச் சோதனையைச் செய்ய மூலம் எல்லோர் கையிலும் இருக்க வேண்டும், ஒன்றுக்கொன்று உறவில்லாத இரண்டு கொம்பைலர் வேண்டும். மூடி விற்கும் சாமானில் இதை வாங்கியவர் செய்ய முடியாது.

கடைசியாக எங்கள் மொழி. எழுத்துக்கு ஒரு பைட் என்று ரிச்சி பிரித்தார் என்றேனே, அது ஆங்கிலத்துக்குப் போதும், தமிழுக்குப் போதாது. 1991இல் யூனிகோடின் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்தது. ஆனால் பைட் பைட்டாக வாசிக்கும் பழைய சி நிரல்கள் அந்தப் பெரிய எண்களைக் கண்டு குழம்பின. 1992 செப்டெம்பரில் அதே கென் தொம்சன், ரொப் பைக்கோடு நியூ ஜெர்சியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் இருந்துகொண்டு, மேசையில் விரித்திருந்த காகிதத்தில் ஒரு வழியை வரைந்தார். அதுதான் யூடிஎஃப்-8. ஆங்கில எழுத்து பழையபடி ஒரு பைட். மற்றவை இரண்டு, மூன்று, நான்கு என்று போகும். தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட். பழைய நிரல்கள் பெரும்பாலும் உடையவில்லை. அதனால்தான் 1978ஆம் ஆண்டுப் புத்தகத்தின் முதல் நிரலில், ஆங்கில வாக்கியத்தை எடுத்துவிட்டு ஸலாம் என்று தமிழில் போட்டாலும் அப்படியே அச்சடிக்கிறது.

ஆனால் சியிடம் நீளம் கேட்டால் உண்மையைச் சொல்லிவிடும். "எஸ்டிஆர்லென்" என்ற கட்டளை எழுத்தை எண்ணாது, பைட்டை எண்ணும். ஸலாம் என்பது கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் ஸ, ல, கால், ம, புள்ளி என்று ஐந்து குறி. ஆகவே 15 என்று வரும். பிள்ளைகளே, இது பிழை இல்லை.

எங்கள் ஊரின் பெயரைப் போட்டுப் பார்த்தேன். வண்ணாத்திவில்லு, 8 எழுத்து. 45 வந்தது. உங்கள் ஊர்ப் பெயரைப் போட்டு, கறுப்புத் திரையில் கொம்பைல் செய்து ஓட்டி, எழுத்து எத்தனை, பைட் எத்தனை என்று கமெண்டில் எழுதுங்கள். பேனையால் கணக்குப் பார்த்துப் போட வேண்டாம், ஓட்டிப் பார்த்துப் போடுங்கள்.